கடலைக் காட்டுகிறோம் என்று அழைத்துப் போகிறவர்களுக்கு

சேலத்திலிருந்து கடலோரச் சுற்றுலாப் பேருந்து நடத்தும் ஏற்பாட்டாளர்களுக்கு,

போன வாரம் உங்களில் ஒருவரிடமிருந்து எங்கள் சீட்டுக் குழுவுக்கு ஒரு தகவல் வந்தது. அடுத்த ஆண்டிலிருந்து கடலோரப் பயணத்தில் மீனவ கிராமங்கள் இருக்காதாம். பயணிகளுக்கு அதில் ஆர்வம் இல்லையாம். அந்த நேரம் கடைவீதிக்கும் ஓய்வுக்கும் ஒதுக்கப்படுமாம். போன் போட்டுக் கேட்டேன். "அங்க பாக்க என்னம்மா இருக்கு? இறங்கினவங்க அஞ்சு நிமிஷத்துல மூக்கைப் பொத்திக்கிட்டு வண்டியில ஏறிட்டாங்க" என்றார்.

அவர் சொன்னது நடந்ததுதான். இந்த மே மாதம் நானும் அந்த வண்டியில் இருந்தேன். ஏன் அப்படி நடந்தது என்பதை மட்டும் அவர் யோசிக்கவில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். யார் என்று பெயர் சொல்லப்போவதில்லை. பதினைந்து வருஷத்தில் நான்கு முறை உங்களில் வெவ்வேறு ஆட்களோடு கடலோரம் போயிருக்கிறேன். அதில் மூன்று பயணங்களில் ஒரே குறையைத்தான் பார்த்தேன்.

நான் ஏற்காட்டுக்காரி. 31 வருஷம் ஒரு காபி எஸ்டேட் ஆபீசில் செக்ரோல், அதாவது தொழிலாளர்களின் வேலைக் கணக்கு, எழுதினேன். எங்களுக்குக் கடல் தூரம். சேலத்துக்கு மிகப் பக்கத்துக் கடல் என்றால் கடலூர், புதுச்சேரிப் பக்கம்தான், அதுவே 200 கிலோமீட்டர் ஆகும். எங்களுக்கு இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கினால்தான் சேலமே வரும். எங்கள் மலையில் ஐம்பது, அறுபது வயதாகியும் கடலைப் பார்க்காத பெண்கள் இருக்கிறார்கள். அவர்கள்தான் மாதம் 600 ரூபாய் வீதம் பன்னிரண்டு மாதம் உங்களிடம் சீட்டு கட்டுகிறார்கள். 7,200 ரூபாய். மார்கழிக் குளிரில், ஈரச் செடிக்குள் நின்று காபிப் பழம் பறித்துச் சேர்த்த காசு அது. அவர்கள் பேருக்கு நேராக அன்றன்றைக்கு எடை எழுதியவள் நான் என்பதால் ஒவ்வொரு ரூபாயும் எப்படி வருகிறது என்று எனக்குத் தெரியும்.

உங்கள் நோட்டீசை இன்னும் வைத்திருக்கிறேன். 'கடலோர ஊர்களும் மீனவ கிராமங்களும், 5 நாள்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. கீழே ஒரு படம். விசைப்படகுகள் வரிசையாக வந்து நிற்கின்றன, கூடை கூடையாக மீன் இறங்குகிறது, சுற்றிலும் ஏலம் கேட்கிற கூட்டம். அந்தப் படத்தைக் காட்டித்தான் நானே பலரைச் சேர்த்தேன். வண்டி கிளம்பிய தேதி மே 9.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் குஞ்சு பொரித்துப் பெருகட்டும் என்று அரசு போட்ட தடை. திருவள்ளூரிலிருந்து கன்னியாகுமரி வரைக்கும் உண்டு. முன்பு 45 நாளாக இருந்து பிறகு 61 நாளாக நீட்டினார்கள். ஒவ்வொரு வருஷமும் இதே தேதிதான், பேப்பரிலும் டிவியிலும் சொல்கிறார்கள். கடலோரப் பயணம் நடத்தித் தொழில் செய்கிறவர்களுக்கு இது தெரியாமல் இருக்க முடியாது. தெரிந்தே அந்தப் படத்தைப் போட்டு, படத்தில் இருக்கிற எதுவும் நடக்காத மாதத்தில் எங்களை அழைத்துப் போனீர்கள்.

நாகப்பட்டினம் துறைமுகத்தில் நாங்கள் பார்த்தது கட்டிப் போட்ட படகுகளை. இரண்டு மூன்று படகில் பெயிண்ட் அடித்துக் கொண்டிருந்தார்கள். ஓர் ஓரமாக நான்கு பேர் உட்கார்ந்து வலையைச் சரி செய்தார்கள். ஏலம் நடக்கும் இடம் கழுவிக் காய்ந்து கிடந்தது. நாட்டுப்படகுகளுக்கு அந்தத் தடை இல்லை, அவை அந்த மாதத்திலும் போகின்றன. விடியற்காலையில் மீன் இறக்கி முடித்துவிடுகிறார்கள். எங்கள் வண்டி போய்ச் சேர்ந்ததோ பகல் பதினொன்றரை மணிக்கு. தலைக்கு மேல் அக்கினி வெயில், காலுக்குக் கீழே சுடுமணல். இறங்கியவர்கள் திரும்ப ஏறாமல் என்ன செய்வார்கள்? இதைத்தான் 'ஆர்வம் இல்லை' என்று கணக்கு எழுதியிருக்கிறீர்கள்.

ஆர்வம் இருக்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரியும். 2019 மாசி மாதம் ஒரு சின்ன ஏற்பாட்டாளரோடு 24 பேர் வேனில் போனோம். அவர் இப்போது தொழிலில் இல்லை. முதல் நாளே சொல்லிவிட்டார், "அஞ்சு நாள்ல நாலே ஊர்தான். ஆனா நாலையும் பாக்கலாம்" என்று. நாகப்பட்டினத்தில் ராத்திரி தங்கவைத்து, மறுநாள் நாலரை மணிக்கு எழுப்பி, ஊருக்குத் தெற்கே ஒரு மீனவ கிராமத்துக்கு அழைத்துப் போனார். முந்தின நாளே அந்த ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் பேசி வைத்திருந்தார். "வலையை மிதிக்காதீங்க, தாண்டாதீங்க, கேக்காம யாரையும் போட்டோ எடுக்காதீங்க" என்று வேனிலேயே சொல்லிவிட்டார்.

இருட்டில் முதலில் சத்தம்தான் கேட்டது. அப்புறம் தூரத்தில் ஒரு விளக்கு, இன்னொரு விளக்கு. பைபர் படகுகள் ஒவ்வொன்றாக அலை மேல் ஏறி மணலில் வந்து குத்தின. கரையில் நின்றவர்கள் ஓடிப்போய்த் தோள் கொடுத்து இழுத்தார்கள். வலையை உதறினார்கள். சாளை, நெத்திலி, சங்கரா, கிழங்கான், ஒரு பெரிய திருக்கை. சேலத்தில் ஐஸ் பெட்டியில் வெளுத்துப் போய் வருகிற அதே சங்கரா, அங்கே செம்பருத்திப் பூ நிறத்தில் துள்ளியது. எங்களோடு வந்தவர்களில் பாதிப்பேர் மேட்டூர் அணை மீனைத் தவிர வேறு மீனை உயிரோடு பார்த்ததில்லை.

ஏலம் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடுகிறது. கூடைக்காரப் பெண்கள் மூன்று நான்கு பேராகக் காசு சேர்த்து ஒரு குவியலை எடுக்கிறார்கள், அங்கேயே பங்கு போட்டுக் கொள்கிறார்கள். அதில் ஓர் அம்மா எங்களைப் பார்த்து எந்த ஊர் என்று கேட்டார். மலை ஊர், காபிக் காடு என்றோம். எங்களோடு வந்த பழம் பறிக்கிற பெண் ஒருவர், கேட்டுக்கொண்டு அவருடைய கூடையைத் தூக்கிப் பார்த்து, "பதினெட்டு கிலோ இருக்கும்" என்றார். அந்த அம்மா நம்பவில்லை. தராசில் வைத்தார்கள். பதினெட்டுக்குக் கொஞ்சம் கூட. அவ்வளவுதான், இரண்டு பேரும் முப்பது வருஷம் பழகினவர்கள் மாதிரி மணலில் உட்கார்ந்துவிட்டார்கள். எங்கள் ஊரில் பாடு என்றால் கஷ்டம். அவர்களுக்கு அன்றைக்குக் கிடைத்த மீன்தான் பாடு. "இன்னைக்குப் பாடு எப்படி" என்றுதான் கரைக்கு வருகிறவர்களைக் கேட்கிறார்கள். வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றுக்குக் காற்று பேர் சொன்னார் அந்த அம்மா. காற்று மாறினால் பாடும் மாறுமாம். எங்களுக்கு மழை தப்பினால் காய் தப்பிவிடும் என்று இவர் சொன்னார்.

கிளம்பும்போது அந்த அம்மா கடலுக்குப் பக்கத்தில் ஓர் இடத்தைக் காட்டினார். வெறும் மணல். "அங்கதான் எங்க வீடு இருந்துச்சு" என்றார். 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்துப் போனார்கள். அந்த மணலைப் பார்த்துக்கொண்டு நின்றோம். மேற்கொண்டு யாரும் ஒன்றும் கேட்கவில்லை. டீக்குக் காசு நீட்டியதை அவர் வாங்கிக்கொள்ளவே இல்லை. மலைக்குத் திரும்பின பிறகு மாதக்கணக்கில் எங்கள் பெண்கள் பேசியது அந்த ஒரு காலையைப் பற்றித்தான்.

அந்த நினைப்பில்தான் இந்த மே மாதமும் எல்லாரையும் கூட்டி வந்தேன்.

ராத்திரி ஒன்பதரைக்கு சேலம் புதிய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஏறினோம். விடியும் வரைக்கும் வண்டி ஒரே ஒரு இடத்தில்தான் நின்றது, ஒரு சாலையோர ஓட்டலில். அங்கே பெண்களுக்கான கழிப்பறை பூட்டியிருந்தது. வண்டிக்குப் பின்னால் இருட்டில், புடவையை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு போனோம். இதை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. எழுதாமல் விட்டால் உங்களுக்குத் தெரியப்போவதில்லை. அதற்கப்புறம் எங்கள் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டார்கள். மே மாத வெயிலில், ஜன்னல் வழியாக அனல் அடிக்கிற வண்டியில், நாள் முழுக்க அரை பாட்டில் தண்ணீர். சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிற என் நாத்தனார் இரண்டாம் நாள் நாகூரில் மயங்கி விழுந்தார். உடம்பில் நீர் வற்றிவிட்டது என்று டாக்டர் குளுக்கோஸ் ஏற்றினார். உங்கள் ஆள் எங்களிடம் வந்து கேட்டது ஒரே கேள்விதான்: "எவ்வளவு நேரம் ஆகும்? அட்டவணை தள்ளிப்போகுது." இந்த ஒரு விஷயத்தில் நான் கோபத்தைக் குறைத்து எழுதத் தயாராக இல்லை.

அட்டவணை என்று ஒன்று இருந்ததாவது உண்மையா? தரங்கம்பாடிக்கு 25 நிமிடம் கொடுத்தீர்கள். 1620இல் டென்மார்க்காரர்கள் வந்து கட்டிய கோட்டை, 1845இல் ஆங்கிலேயர்களிடம் விற்றுவிட்டுப் போகும் வரைக்கும் அவர்கள் கையில் இருந்த ஊர். 1706இல் வந்து இறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு தமிழ் கற்று, அச்சுக்கூடம் வைத்துத் தமிழ்ப் புத்தகம் அச்சிட்ட ஊர். மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பாகத்தைக் கடல் அரித்துக்கொண்டு போயிருக்கிறது, மிச்சம் இருப்பதைக் காப்பாற்றக் கல் கொட்டியிருக்கிறார்கள். இதில் எதையும் யாரும் சொல்லவில்லை. "கோட்டை. போட்டோ எடுத்துக்குங்க. சீக்கிரம்." அவ்வளவே. தனுஷ்கோடிக்கு 35 நிமிடம். 1964 டிசம்பர் 22 ராத்திரி புயலில் ஊரும் போய், ஊருக்கு வந்துகொண்டிருந்த ரயிலும் பயணிகளோடு போன இடம் அது. இன்றைக்கும் அங்கே குடிசை போட்டு மீன் பிடித்து வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். அதே நாளில் ஒரு சங்கு, பாசிமணிக் கடையில் எங்களை இரண்டு மணி பத்து நிமிடம் உட்காரவைத்தீர்கள். நான் கடிகாரம் பார்த்துக் குறித்து வைத்திருக்கிறேன். கூட்டிவந்தால் கடைக்காரர் பணம் தருவார் என்று வண்டியில் வந்த உங்கள் ஆளே சொன்னார்.

வேதாரண்யத்தை இரவில் தாண்டினோம். நோட்டீசில் அந்த ஊர் இருந்தது. நிறுத்தச் சொன்னேன், இருட்டில் என்ன தெரியும் என்றார்கள். சேலத்துக்காரர்களான நீங்கள் இப்படிச் சொல்வதுதான் எனக்கு ஆகவில்லை. சேலத்தில் வக்கீலாக இருந்தவர், 1917இல் இந்த நகராட்சிக்குத் தலைவரானவர் ராஜாஜி. 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து ஏறக்குறைய நூறு தொண்டர்களோடு நடக்க ஆரம்பித்து, 28ஆம் தேதி வேதாரண்யம் சேர்ந்து, 30ஆம் தேதி அகஸ்தியம்பள்ளியில் உப்பை அள்ளினார். அந்த இடத்தில் நினைவுத் தூண் நிற்கிறது. சுற்றிலும் இன்றும் உப்பளம், வேலை செய்கிற பெண்கள், குவித்து வைத்த உப்பு. நம் ஊருக்கும் கடலுக்கும் இதைவிட நெருங்கிய உறவு எது இருக்கிறது? அடுத்து இருந்த கோடியக்கரையையும் விட்டுவிட்டீர்கள். வெளிமான் பார்க்க ஆசைப்பட்ட பிள்ளைகள் தூங்கிப் போயிருந்தார்கள், அதனால் சத்தம் எழவில்லை.

மூன்றாம் நாள் நடந்ததை நினைத்தால் இன்னும் உடம்பு கூசுகிறது. ஒரு கிராமத்தில் கருவாடு காயப்போட்டிருந்தார்கள். முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல் 46 பேர் இறங்கினோம். சிலர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டே அந்தப் பெண்களைப் படம் எடுத்தார்கள். ஒருவர் வலை மேலேயே நடந்து போனார். ஓர் அம்மா எழுந்து, "நாங்க என்ன பொருட்காட்சியா?" என்று கேட்டார். எங்களில் யாரிடமும் பதில் இல்லை. நான் மன்னிப்புக் கேட்டேன். அதற்குள் ஹாரன் அடித்துவிட்டார்கள்.

அந்தக் கேள்வியை நான் முன்பே கேட்டிருக்கிறேன், எங்கள் மலையில். கோடை விழா நடக்கிற மே மாதத்தில் ஏரியைச் சுற்றிப் பேருந்துகள் நிற்க இடம் இருக்காது. தோட்டத்து ஓரமாகக் காரை நிறுத்தி, வேலை செய்கிற பெண்களைக் கூடையைத் தோளில் வை, சிரி, இங்கே பார் என்று சொல்லிப் படம் எடுத்துக்கொண்டு, அவர்கள் பேரைக் கூடக் கேட்காமல் போவார்கள். தின்ற பையை அங்கேயே எறிவார்கள், அதைக் குரங்கு கிழிக்கும். இன்னொருவருடைய ஊருக்குப் போகும்போது எப்படி நடக்க வேண்டும் என்று எங்களுக்குத் தெரியும். நின்று பேச நேரமும் இல்லாமல், அந்த ஊருக்குச் சொல்லவும் செய்யாமல் கொண்டுபோய் இறக்கிவிட்டீர்கள். நாங்களும் அந்த ஏரிக்கரைக் கூட்டம் மாதிரி ஆகிவிட்டோம். மூக்கைப் பொத்தியவர்களும் மோசமானவர்கள் இல்லை. பத்து நிமிடம் முன்பு வண்டியிலேயே ஒருவர் விஷயத்தைச் சொல்லியிருந்தால் போதும், அவர்களே அந்த அம்மாவிடம் கருவாடு வாங்கியிருப்பார்கள்.

சரி, இப்போது நாங்கள் கேட்பது.

மீனவ கிராமங்களைப் பயணத்திலிருந்து எடுத்த முடிவைத் திரும்பப் பெறுங்கள். பார்க்க ஒன்றும் இல்லாத நேரத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, ஊர் மேல் பழி போடாதீர்கள்.

பயணத்தை மாசி, பங்குனிக்கு மாற்றுங்கள். அப்போது புயல் காலம் போயிருக்கும், தடைக்காலம் வந்திருக்காது. எங்கள் மலையிலும் காபி பறித்து முடிந்திருக்கும், பெண்கள் கையில் காசும் இருக்கும், ஐந்து நாள் நேரமும் இருக்கும். பள்ளி விடுமுறைக்காகத்தான் மே என்கிறீர்கள். இந்த முறை 46 பேரில் ஆறே பேர்தான் பிள்ளைகள். பிள்ளைகளுக்காக மே மாதப் பயணம் ஒன்று தேவை என்றால் நடத்துங்கள், ஆனால் விசைப்படகுத் தடைக்காலம் என்பதை நோட்டீசிலேயே அச்சிடுங்கள், அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள், நாட்டுப்படகு கரை சேரும் இடத்துக்கு விடியற்காலையில் கூட்டிப்போங்கள்.

ஊர்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள். பதினோரு ஊர் பேரைப் போட்டு ஐந்து நாளில் ஓடுவதற்குப் பதில் ஐந்து ஊர் போதும். ஒரு ராத்திரியாவது மீன் இறங்கும் ஊரிலேயே தங்கவையுங்கள். எந்த ஊரில் எத்தனை மணிக்கு இறங்குவோம், எத்தனை மணிக்குக் கிளம்புவோம் என்பதைப் பணம் வாங்கும் முன்பு எழுதிக் கொடுங்கள். கடையில் நிறுத்துவது அரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், இறங்க விருப்பம் இல்லாதவர்களைக் கட்டாயப்படுத்தவும் வேண்டாம். வேதாரண்யத்துக்குப் பகலில் இரண்டு மணி நேரம் வேண்டும்.

இரண்டரை மணி நேரத்துக்கு ஒரு முறை, பெண்கள் போகக்கூடிய, தண்ணீர் வருகிற, பூட்டாத கழிப்பறை உள்ள இடத்தில் வண்டி நிற்க வேண்டும். அந்த இடங்களை உங்கள் ஆள் முன்கூட்டியே போய்ப் பார்த்து வைக்க வேண்டும். ராத்திரி ஓட்டியவரையே பகலிலும் ஓட்டச் சொல்லாதீர்கள். இந்தப் பயணத்தில் ஐந்து நாளும் ஒரே ஓட்டுநர். தூக்கம் விரட்ட அவர் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டதை முன் இருக்கையிலிருந்து பார்த்துக்கொண்டு, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தோம்.

போகிற கிராமத்துப் பஞ்சாயத்தாரிடம் முன்பே கேட்டு அனுமதி வாங்குங்கள். அந்த ஊர்க்காரர் ஒருவருக்குக் கூலி கொடுத்து வழிகாட்டச் சொல்லுங்கள். அன்றைய மதியச் சாப்பாட்டை அந்த ஊர் மகளிர் சுய உதவிக் குழுவிடம் சொல்லிச் சமைக்கவையுங்கள். எங்கள் பணத்தில் கொஞ்சம் அந்தக் கரையில் தங்கட்டும். இதற்காகச் சீட்டில் மாதம் ஐம்பது ரூபாய் கூட ஆனாலும் கட்டுகிறோம் என்று எங்கள் பெண்கள் சொல்லிவிட்டார்கள். நான் ஒவ்வொருவரிடமும் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

இன்னொன்று, இந்தப் பயணத்தில் வராத ஊர்களுக்கான பணம். வேதாரண்யமும் கோடியக்கரையும் நோட்டீசில் இருந்தன, பயணத்தில் இல்லை. அந்தப் பங்கை எங்கள் சீட்டுக் குழுவின் 31 பேருக்கும் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று அந்த ஏற்பாட்டாளரைத் தனியாகவும் எழுதிக் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.

எங்கள் அடுத்த சீட்டு தை முதல் வாரம் ஆரம்பம். புதிய பயணத் திட்டத்தைத் தேதி, நேரம், தங்கும் ஊர் எல்லாம் போட்டு மார்கழி முடிவதற்குள் எங்களுக்கு அனுப்புங்கள். உங்களில் யார் முதலில் எழுதிக் கொடுக்கிறீர்களோ அவரிடம் 31 பேரும் பணம் கட்டுவோம். யாருமே கொடுக்காவிட்டால் நாங்களே ஒரு வேன் பேசிக்கொண்டு மாசியில் நாகப்பட்டினம் போகிறோம்.

இப்படிக்கு,
சீட்டுக் கணக்கு எழுதுகிறவள்,
ஏற்காடு